ஆறு வருடம் கழித்து நடுவில் நின்ற ஊசி

போன வாரம் நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பி, "மச்சான், பழைய ஜிம்னி, பதினெட்டாயிரம் வெள்ளி சொல்றான், எடுக்கலாமா?" என்று கேட்டான். ஜிம்னி என்பது சுசூகியின் சின்ன நான்கு சக்கர இயக்க ஜீப், வெள்ளி என்பது எங்கள் மலேசிய ரிங்கிட். ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். அவன் கெட்ட நேரம், நான் அப்போதுதான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தெர்மோஸ்டாட்டுக்கும் ரேடியேட்டருக்கும் கொடுத்துவிட்டு நகக்கண்ணில் துருவோடு உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு அடிக்க ஆரம்பித்த பதில்தான் இவ்வளவு நீளமாகிவிட்டது.

என்னுடையதும் ஜிம்னிதான், எஸ்ஜே413 என்ற பழைய மாடல். 1324 சிசி கார்புரேட்டர் எஞ்சின், பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம், நான்கு சக்கரத்துக்கும் லீஃப் ஸ்பிரிங். ஆறு வருடமாக என்னிடம் இருக்கிறது. வார நாட்களில் கோலாலம்பூர் செந்தூலிலிருந்து வேலைக்கு, மாதத்துக்கு ஒரு முறை காராக் நெடுஞ்சாலையில் ஏறிப் பெந்தோங் பக்கத்து மண் சாலைக்கு, டுரியான் காலத்தில் மாமனார் தோட்டத்துக்கு. சேற்றில் இது செய்யும் வேலையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். பெரிய வண்டிக்காரர்கள் வின்ச் கேபிளைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது இது ஆட்டுக்குட்டி மாதிரி ஓரமாக ஏறிப் போய்விடும் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

என்னை அரித்தது டெம்பரேச்சர் ஊசி. ஜாலான் ஈப்போ நெரிசலில் நின்றால் நடுவுக்கு வரும். கோம்பாக் டோலைத் தாண்டிக் கொஞ்சம் வேகம் எடுத்தால் இறங்க ஆரம்பிக்கும். மழையில், கெந்திங் செம்பாவைத் தாண்டிய இறக்கத்தில், ஏதோ அப்போதுதான் ஸ்டார்ட் பண்ணிய வண்டி மாதிரி அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். முதலில் மீட்டர் சரியில்லை என்று நினைத்தேன், பிறகு சென்சார் என்று நினைத்து அதையும் மாற்றினேன், முப்பத்தைந்து வெள்ளி தண்டம். அப்புறம் பழகிவிட்டது. சூடாகிறதே என்று பயப்படுவோமே தவிர இந்த ஊரில் வண்டி குளிர்கிறதே என்று யாராவது கவலைப்படுவார்களா?

கவலைப்பட்டிருக்க வேண்டும். இந்த வருடம் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தபோது அதன் அடியில் கெட்டித் தயிர் மாதிரி வெளுத்த பசை. பார்த்ததும் வயிறு கலங்கியது. பக்கத்து ஒர்க்ஷாப்பில் காட்டினேன். போமன் (மெக்கானிக்) மூடியை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார், "ஹெட் கேஸ்கெட் போயிருச்சு பாஸ், ஆயிரத்து அறுநூறு" என்றார். பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் தகடு அது, போனால் தண்ணீர் ஆயிலில் கலக்கும். ஆனால் ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை, உள்ளே குமிழி வரவில்லை, புகையும் வெள்ளையாக இல்லை, இதையெல்லாம் சொன்னேன். "இனிமே வரும்" என்றார். அந்த பதிலுக்கே எழுந்து வந்துவிட்டேன்.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் எதிர்வீட்டு மாமா. முப்பது வருடம் லாரி ஓட்டியவர். காலையில் குளிர்ந்திருந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு, ரேடியேட்டர் மேல் ஹோஸை நலம் விசாரிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று நிமிடம் ஆகியிருக்காது, "தம்பி, இப்பவே வெதுவெதுன்னு இருக்கு. உள்ளே கதவே இல்லப்பா" என்றார்.

அவர் சொன்ன கதவுதான் தெர்மோஸ்டாட். பித்தளைக் குப்பி ஒன்றுக்குள் மெழுகு. எஞ்சின் தண்ணீர் ஒரு சூட்டுக்கு வரும்வரை மூடியிருக்கும், மெழுகு உருகிப் பருத்ததும் ஊசியைத் தள்ளிக் கதவைத் திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும். அது இல்லாவிட்டால் முதல் நிமிடத்திலிருந்தே தண்ணீர் ரேடியேட்டரைச் சுற்றிக் குளிர்ந்துகொண்டே இருக்கும். எஞ்சின் சூடேற வழியில்லை, ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகிப் போகவும் வழியில்லை, அது மூடியடியில் தயிராகத் திரளும். ஆயிரத்து அறுநூறு வெள்ளித் தயிர்.

கழற்றுவது என்னவோ இரண்டு போல்ட் வேலை. மேல் ஹோஸ் வந்து சேரும் அந்த அலுமினிய மூடியில் இரும்பு போல்ட்டுகள், வருடக்கணக்கில் துருப்பிடித்து ஒட்டிப்போயிருந்தன. துரு எண்ணெய் அடித்து ஓர் இரவு விட்டேன். முதல் போல்ட் மரியாதையாக வந்தது. இரண்டாவது, கால் சுற்று வரை நல்ல பிள்ளை, அப்புறம் ஒரு சின்ன 'டிக்'. அந்தச் சத்தம் கேட்டவர்களுக்குத் தெரியும். தலை சாவியோடு கையில், உடம்பு உள்ளே. செகாம்புட்டில் ஒரு லேத் கடையில் துளைபோட்டு எடுத்துப் புது மரை வெட்ட எண்பது வெள்ளி. முதல் ஞாயிறு இப்படிப் போனது.

மூடியைத் தூக்கினால் உள்ளே காலி. பழைய கேஸ்கெட் காகிதத்தின் மிச்சமும் துருச் சேறும், அவ்வளவுதான். நான் வண்டி வாங்கிய முதல் வருடம் வாட்டர் பம்ப் மாற்றிய ஒர்க்ஷாப்புக்கு போன் பண்ணினேன். "ஆமா, நாங்கதான் எடுத்தோம், எல்லா வண்டிக்கும் எடுத்துடுவோம், நம்ம ஊர்ல எதுக்கு அது?" ஒரு கூச்சமும் இல்லை, ஏதோ உபகாரம் பண்ணிய குரல். பில்லில் இதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

நியாயமாகவும் பேச வேண்டும். அவர்கள் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. இங்கே பாதிப் பேர் ரேடியேட்டருக்குக் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றுகிறோம், ஆறு வருடத்தில் நானும் அதைத்தான் செய்தேன். அதில் துரு சேர்ந்து தெர்மோஸ்டாட் மூடியபடியே மாட்டிக்கொண்டால் மலை ஏற்றத்தில் எஞ்சின் கொதித்து ஹெட் வளையும். பிடுங்கி எறிந்துவிட்டால் அந்தப் பயம் இல்லை, வாடிக்கையாளரும் திரும்பி வந்து சண்டை போட மாட்டார். சரி, புரிகிறது. ஆனால் சொல்லியிருக்கலாமே ஐயா! ஆறு வருடமாக நான் சென்சாரைத் திட்டினேன், மீட்டரைத் திட்டினேன், ஒன்றும் தெரியாத அந்த ஊசியைத் திட்டினேன்.

புதுத் தெர்மோஸ்டாட் முப்பத்தெட்டு வெள்ளி. சாமான் கடைத் தவுக்கே (முதலாளி) 82 டிகிரியா 88 டிகிரியா என்று கேட்டுவிட்டு, இந்த வெயிலுக்கு இன்னும் குறைவானதாக வேண்டுமானால் 76 தேடித் தருகிறேன் என்றார். அந்த எண் கதவு திறக்கத் தொடங்கும் சூடுதான். நெரிசலில் எவ்வளவு ஏறும் என்பது ரேடியேட்டரும் விசிறியும் பார்த்துக்கொள்கிற சமாச்சாரம், கதவு முழுசாகத் திறந்த பிறகு 76-ம் ஒன்றுதான், 88-ம் ஒன்றுதான். 82 வாங்கினேன். மாட்டுவதற்கு முன் அடுப்படியில் சோதித்தேன். மனைவியின் கேக் தெர்மாமீட்டர், பால் காய்ச்சும் சட்டி (கேட்காமல் எடுத்தது, அதற்குத் தனி விசாரணை நடந்தது), நூலில் கட்டித் தொங்கவிட்ட தெர்மோஸ்டாட். எண்பது வரை கல் மாதிரி இருந்தது. எண்பத்து மூன்றில் ஓரத்தில் மயிரிழைக்கு ஒரு வெளிச்சம், தொண்ணூற்றைந்துக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் நுனி போகும் அளவுக்கு வாய் திறந்துவிட்டது. அடுப்பை அணைத்தேன், மெதுவாக மூடிக்கொண்டது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இவ்வளவுதானா அப்பா?" என்றாள்.

இரண்டாவது ஞாயிறு கழுவல். தெர்மோஸ்டாட் மாட்டாமலே ரேடியேட்டர் அடித் திருகைத் திறந்து வடித்தேன். முதலில் வந்தது மாமாக் கடைத் தே தாரிக் (பால் தேநீர்) நிறம், நுரை மட்டும்தான் இல்லை. தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடம் ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடியும் வடி. மூன்றாம் தடவை தே ஓ, பால் இல்லாத தேநீர். ஆறாம் தடவைதான் டம்ளரில் பிடித்து மறுபக்கம் பார்க்க முடிந்தது. கடைசிச் சுற்றுக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீர். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். 0.9 என்று அச்சடித்த மூடி உள்ளே அழுத்தம் கட்டி வைப்பதால் நூறைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கும், திறந்த நொடியில் மொத்தமாகக் கொதித்து முகத்துக்கு வரும்.

பனியே இல்லாத ஊரில் கூலண்ட் (தண்ணீரோடு கலக்கும் உறைதடுப்பு மருந்து) எதற்கு என்று கேட்பவர்களுக்கு, அலுமினிய எஞ்சினில் அரிப்பைத் தடுக்கத்தான். வடித்த பிறகும் பிளாக்குக்குள் தண்ணீர் மிச்சம் இருக்கும், அதனால் கலக்காத கூலண்டை முதலில் ஊற்றி அப்புறம் நீரால் நிரப்பினேன். பச்சை, சிவப்பு என்ற நிறத்தை நம்பி இரண்டு வகையைக் கலக்க வேண்டாம், ஒரே நிறத்தில் வெவ்வேறு சரக்கு விற்கிறது. வடித்த கூலண்டை லோங்கானில் (சாக்கடையில்) ஊற்றிவிடவும் கூடாது. இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கினால் செத்துவிடும். எங்கள் தெருவில் பூனைகள் அதிகம்.

புதுத் தெர்மோஸ்டாட்டை மாட்டும்போது ஸ்பிரிங் எஞ்சின் பக்கம், ஆடும் சின்ன ஊசி இருக்கும் ஓட்டை மேலே. காற்றுப்போக அந்த ஓட்டைதான் வழி. அப்புறம் உள்ளே மாட்டிய காற்று வெளியேற வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தே குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, ஹீட்டரை முழுசாகத் திறந்தேன். ஆமாம், என் வண்டியில் ஹீட்டர் இருக்கிறது. கோலாலம்பூரில் பகல் ஒரு மணிக்கு, முப்பத்து மூன்று டிகிரியில், ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆளை எதிர்வீட்டு மாமா வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார்.

இந்த ஹீட்டர் விஷயத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. என் வண்டியில் ஏசி செத்து வெகு நாளாகிறது, காராக் மழையில் கண்ணாடியில் ஆவி படிந்தால் ஒரு கையில் துணியோடுதான் ஓட்டுவேன். போன வெள்ளிக்கிழமை இரவு அதே மழை, அதே இறக்கம். எஞ்சின் இப்போது சூடாக இருப்பதால் ஹீட்டரிலும் சூடு வந்தது, அதைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன், இரண்டு நிமிடத்தில் துடைத்த மாதிரி தெளிந்தது. ஊசி நடுவுக்கு ஒரு நூல் கீழே நின்றது, பெந்தோங் வரை அசையவில்லை. ரோட்டைவிட அதைத்தான் அதிகம் பார்த்தேன் என்று நினைக்கிறேன். பெட்ரோல் லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டர் கொடுத்தது இப்போது பத்தைத் தொடுகிறது, ஆனால் அதே வாரம் கார்புரேட்டரையும் கழுவினேன், பெருமையை யாருக்குக் கொடுப்பது என்று தெரியவில்லை. மூடியடியில் தயிர் இல்லை.

இவ்வளவும் படித்துவிட்டு எடுக்கலாம் என்றுதான் சொல்வேன் என்று நினைப்பாய். எடுக்காதே. பெரிய தொகை கொடுத்துப் புது ஜிம்னி வாங்கு என்று சொல்லவில்லை, அந்தப் பதினெட்டாயிரத்துக்கு நல்ல பழைய மைவி கார் ஒன்று பார், உன் மனைவி உன்னோடு பேசுவாள். நேற்று இரவு புதிதாகப் போட்ட ஹோஸ் கிளிப்பிலிருந்து பச்சையாக ஒரு சொட்டு விழுந்து கிடந்ததைப் பார்த்த கோபத்தில் சொல்கிறேன் என்று வைத்துக்கொள், ஆனாலும் எடுக்காதே.

பார்க்கத்தான் போவேன் என்றால் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போ. விற்கிறவர் முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தால் திரும்பி வந்துவிடு. இல்லையென்றால் மேல் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நில். மெதுமெதுவாகச் சூடேறினால் உள்ளே தெர்மோஸ்டாட் இல்லை. ரொம்ப நேரம் சில்லென்று இருந்து திடீரென்று கை சுட்டால், விலை எதுவும் பேசாதே, முன்பணமும் கொடுக்காதே, அந்த ஆளின் நம்பரை மட்டும் வாங்கி எனக்கு அனுப்பு.