உயிரியல் மாணவர்களுக்கான டேட்டா சயின்ஸ் அறிமுகப் பாடம்: முன்பாதிக்காகவே சேரலாம்

ஒரு செமஸ்டர் பாடம், வாரத்துக்கு ஒரு லேப், கோடிங் மொழி ஆர் (R). கோடிங் வாசனையே இல்லாதவர்களுக்காக அமைத்திருக்கிறார்கள். முன்பாதி பிரமாதம். பின்பாதியில், உயிரியலுக்கு மிக அவசியமான இடத்தில் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

மெஷின் லேர்னிங் என்று பூச்சாண்டி காட்டாமல் எக்செல் ஷீட்டிலிருந்து தொடங்குவது சரியான முடிவு. டேட்டா பெரும்பாலும் கெடுவது அங்கேதான். மார்ச்1, செப்ட்2 போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக்கிவிடும். அந்தக் கட்டத்தை மறுபடி டெக்ஸ்ட் ஆக்கினாலும் பெயர் திரும்பாது, ஏதோ ஓர் எண்தான் நிற்கும். பெயரிடும் குழுவே அலுத்துப்போய் மார்ச்எஃப்1, செப்டின்2 என்று மாற்றிவிட்டது. ஆனால் பழைய கோப்புகளில் பழைய பெயர்கள்தானே இருக்கும்? அதனால் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) டபுள் கிளிக் செய்து திறக்காமல், மரபணுப் பெயர் உள்ள நெடுவரிசையை (column) டெக்ஸ்ட் என்று குறித்து இம்போர்ட் செய்யப் பழக்குகிறார்கள்.

அட்டவணைகளை இணைக்கும் லேப்தான் இந்தப் பாடத்தின் உச்சம். ஒன்றில் 24 சாம்பிள்களின் அளவீடு, இன்னொன்றில் அவற்றின் விவரம். விவர அட்டவணையில் வேண்டுமென்றே ஒரு சாம்பிள் எண்ணை இரண்டு முறை எழுதி, வேறொரு எண்ணுக்குப் பின்னால் ஓர் இடைவெளியை ஒளித்துவைத்திருக்கிறார்கள். லெஃப்ட் ஜாயின் (முதல் அட்டவணையின் எல்லா வரிகளையும் வைத்துக்கொண்டு இணைப்பது) போட்டால் 24 வரிகள் 25 ஆகின்றன. ஒரு சாம்பிளுக்கு என்ன ட்ரீட்மென்ட் என்ற இடத்தில் என்ஏ (NA, மதிப்பு இல்லை என்ற குறி) விழுகிறது. எரர் எதுவும் வராது, கிராஃபும் அழகாகவே வரும். இணைப்பதற்கு முன்னும் பின்னும் வரிகளை எண்ணு, ஆன்ட்டி ஜாயின் போட்டு ஒட்டாதவற்றைப் பார் என்ற பழக்கம் இந்த ஒரு லேபிலேயே வந்துவிடும்.

என்ஏ விஷயத்திலும் கறாராக இருக்கிறார்கள். சராசரி கேட்டால் என்ஏ வருகிறது என்பதற்காக அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்கக்கூடாது. கருவியால் அளக்க முடியாத அளவுக்குக் குறைவாக இருந்ததால் காலியாக விட்ட மதிப்பு என்றால், நீக்கிய பின் வரும் சராசரி நிஜத்தைவிடக் கூடுதலாக இருக்கும்.

இனி குறை. டி-டெஸ்ட் (இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடுவது), அனோவா, ரெக்ரஷன், மல்டிபிள் டெஸ்டிங் என்ற புள்ளியியல் பகுதிகள் எல்லாம் இரண்டே வாரத்தில். குழுவுக்கு 3 எலிகள், எலிக்கு 50 செல்கள் என்று ஒரு டேட்டா தருகிறார்கள். மாணவர்கள் 150-க்கு 150 என்று டி-டெஸ்ட் போடுகிறார்கள், பி மதிப்பு (நிஜத்தில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) பூஜ்யத்தை ஒட்டி வருகிறது, பாடக் குறிப்பும் அதை ஏற்றுக்கொள்கிறது. இது தவறு. மருந்து போனது எலிக்கு, செல்லுக்கு அல்ல. ஒரே எலியின் செல்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதால் குழுவுக்கு என் (n, மாதிரி எண்ணிக்கை) என்பது 3தான். எலிவாரியாகச் சராசரி எடுத்து ஒப்பிட வேண்டும், அல்லது மிக்ஸ்டு மாடல் (எந்தச் செல் எந்த எலியுடையது என்பதையும் கணக்கில் கொள்ளும் முறை) போட வேண்டும். உயிரியல்காரர்கள் வாழ்நாள் முழுக்கச் சறுக்கும் இடம் இது. இதற்கு ஒரு முழு வாரம் தந்திருக்க வேண்டும்.

மல்டிபிள் டெஸ்டிங்கும் ஒரே ஸ்லைடில் ஓடிவிடுகிறது. 20,000 மரபணுக்களில் எதிலுமே வித்தியாசம் இல்லாவிட்டாலும் பி மதிப்பு 0.05 என்ற வரம்பில் சுமார் 1,000 தற்செயலாகத் தேறும். அதைத் திருத்த ஆரில் பி.அட்ஜஸ்ட் (p.adjust) என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ஆனால் முறையைக் குறிப்பிடாமல் விட்டால் அது ஹோல்ம் முறையை எடுத்துக்கொள்ளும்; மரபணு ஆய்வில் வழக்கமான பெஞ்சமினி–ஹாக்பெர்க் வேண்டுமானால் பிஎச் (BH) என்று நாமே கொடுக்க வேண்டும். குறிப்பில் இதைப் பற்றி மூச்சே இல்லை.

கடைசி இரண்டு வாரம் டீப் லேர்னிங் டெமோ. கலர் கலராக இருக்கிறது, எதற்கென்றுதான் தெரியவில்லை.

சேர்பவர்கள் ஆர், அதை எழுதி இயக்க உதவும் ஆர்ஸ்டுடியோ இரண்டையும் முதல் லேபுக்கு முன்பே நிறுவிவிடுங்கள், இரண்டும் தனித்தனி. பேக்கேஜ் (ஆரின் கூடுதல் தொகுப்பு) நிறுவும்போது சோர்ஸிலிருந்து கம்பைல் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள், பாதி இன்ஸ்டால் தகராறு அங்கேதான் கிளம்பும். ஃபைனல் ப்ராஜெக்ட்டில் ட்ரீட்மென்ட் எதற்குத் தரப்பட்டது, அதில் எத்தனை தனித்தனி உயிர்கள் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பாடம் கேட்காவிட்டாலும் தீசிஸ் வைவாவில் கேட்பார்கள்.