ஃபைனல் ஃபேன்டசி அட்டைகள்: படத்தை மறைத்துவிட்டு ஒரு மதிப்பீடு

'மேஜிக்: தி கேதரிங்' அட்டை விளையாட்டும் ஸ்குவேர் எனிக்ஸ் நிறுவனத்தின் 'ஃபைனல் ஃபேன்டசி' வீடியோ விளையாட்டு வரிசையும் கைகோக்கும் தொகுப்பு 2025 ஜூன் 13 அன்று வெளிவந்தது. வரிசையின் முதல் விளையாட்டு முதல் பதினாறாவது வரை எல்லாவற்றிலிருந்தும் மாந்தர்கள் இதில் இடம்பெறுகிறார்கள். முன்னோட்டமாக வெளியிடப்பட்ட அட்டைகளைப் படித்துப் பார்த்து, நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் இருந்துகொண்டு இவ்விளையாட்டை ஆடுகிறவர்களுக்கு எது பயன்படும், எதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்று சொல்வதே இந்த மதிப்புரையின் நோக்கம். எங்கள் குழுவில் பெரும்பாலோர் ஃபைனல் ஃபேன்டசியை விளையாடி வளர்ந்தவர்கள் அல்லர் என்பதால், அதன் புகழ்பெற்ற நாயகன் கிளவுடின் பெயரைக் கேட்டதும் நெஞ்சு நெகிழும் பழக்கம் எங்களுக்கு இல்லை. அட்டையை எடைபோடும் வேலைக்கு அது நல்லதுதான்.

இந்தத் தொகுப்பைக் கவனமாகப் பார்க்க வேண்டியதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. வெளி உலகக் கதைகளோடு இணைந்த தொகுப்புகள் அதுவரை, அண்மைத் தொகுப்புகளை மட்டும் ஏற்கும் ஸ்டாண்டர்டு ஆட்ட வடிவத்துக்கு வெளியிலேயே இருந்தன. 2023 ஜூனில் வந்த 'லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' தொகுப்புகூட நேரே, பழைய தொகுப்புகளையும் ஏற்கும் மாடர்ன் வடிவத்துக்குத்தான் போயிற்று. ஸ்டாண்டர்டில் ஆட அனுமதிக்கப்பட்ட முதல் இணைப்புத் தொகுப்பு ஃபைனல் ஃபேன்டசியே. ஆகவே கைப்பேசியில் இவ்விளையாட்டின் மின்வடிவமான அரீனாவை ஆடும் கல்லூரி மாணவரும், எதிராளி கையில் இந்த அட்டைகளைச் சந்தித்தே தீர வேண்டும்.

'லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' தொகுப்பு கற்பித்த பாடம் இங்கே உதவும். அதில் 'தி ஒன் ரிங்' என்ற அட்டை நான்கு மானா (அட்டையைப் போடச் செலவிடும் ஆற்றல்) விலையில், நிறமே கேட்காமல், எந்த டெக்கிலும் (ஆட்டக்காரர் தொகுத்துக்கொள்ளும் அட்டைக்கட்டு) நுழைந்து, போட்ட சுற்றில் ஆட்டக்காரரைக் காப்பாற்றி, பிறகு ஒவ்வொரு சுற்றும் கூடுதல் அட்டைகளை அள்ளித் தந்து, கடைசியில் 2024 டிசம்பரில் மாடர்னில் தடைசெய்யப்பட்டது. அதே தொகுப்பில் மற்றொரு வலிய அட்டையான 'ஆர்க்கிஷ் போமாஸ்டர்ஸ்' கதையில் பெயர்கூட இல்லாத ஆர்க் வில்லாளிகளைப் பற்றியது. கதையின் ரசிகர் எவரும் அந்தப் படத்தில் நின்று பார்த்திருக்க மாட்டார். குளச்சல் துறையில் மீன் வாங்குகிறவர் மேல் மினுக்கத்தில் மயங்காமல் செவுளைத் தூக்கிப் பார்ப்பதைப் போல, படத்தை விரலால் மறைத்துக்கொண்டு மூன்று கேள்விகளைக் கேட்கிறேன்: இதன் விலை என்ன, எத்தனை டெக்குகளில் இது பொருந்தும், வந்த உடனே எதிராளி இதைக் கொன்றுவிட்டால் எனக்கு எது மிஞ்சும்?

இந்தக் கேள்விகளோடு பார்க்கையில் முன்னோட்டத்திலேயே அதிகம் சிந்திக்க வைத்தது 'விவி ஆர்னிட்டியர்'. நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று, பொது மானா ஒன்று என மூன்று மானாவுக்கு, பூஜ்ஜியம் தாக்குவலிமையும் மூன்று தாங்குவலிமையும் கொண்ட சிறுமாந்திரீகன். கிரியேச்சர் (களத்தில் நின்று போரிடும் உயிர்) அல்லாத மந்திரம் ஒன்றை நாம் பிரயோகிக்கும் ஒவ்வொரு முறையும் அவன்மேல், இரு வலிமைகளையும் ஒவ்வொன்று கூட்டும் ஒரு கவுண்ட்டர் ஏறுகிறது. எதிராளிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி சேதம் விழுகிறது. இதோடு நின்றிருந்தால் நல்ல அட்டை என்று சொல்லிக் கடந்திருக்கலாம். ஆனால் நம் சுற்றில் ஒரு முறை, செலவே இல்லாமல், அவனுடைய தாக்குவலிமை எவ்வளவோ அவ்வளவு நீல, சிவப்பு மானாவை எடுத்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். மூன்றாம் சுற்றில் விவி வந்து பிழைத்தான் என்று கொள்வோம். நான்காம் சுற்றில், மானா தரும் அட்டைகளான நிலங்கள் நான்கோடு ஒரு மானா மந்திரங்கள் இரண்டைப் போட்டால், செலவான இரண்டு மானாவும் அவனிடமிருந்தே திரும்பி வந்துவிடுகின்றன. கையில் மீண்டும் நான்கு மானா, களத்தில் இரண்டுக்கு ஐந்து (தாக்குவலிமை இரண்டு, தாங்குவலிமை ஐந்து) உடல், எதிராளியிடம் இரண்டு உயிர்ப்புள்ளி குறைவு. கவுண்ட்டர்கள் அழிவதில்லை என்பதால் ஐந்தாம் சுற்று இதைவிடக் கொடியதாகத் தொடங்கும்.

குறை இல்லாமல் இல்லை. வந்த சுற்றிலேயே செத்தால் விவி எதையும் விட்டுச் செல்வதில்லை. 'கட் டவுன்' என்ற அழிப்பு அட்டை அவனை ஒரே மானாவில் முடித்துவிடும். ஆனால் 'பர்ஸ்ட் லைட்னிங்' சாதாரண விலையில் தரும் இரண்டு சேதம் அவனுக்குப் போதாது. அந்த மூன்றாவது தாங்குவலிமைப் புள்ளியை வடிவமைத்தவர் அதன் கனத்தை அறியாமலா கொடுத்திருப்பார் என்று எனக்குச் சந்தேகம். நால்வர் ஆடும் கமாண்டர் வடிவத்தில் 'க்யூரியாசிட்டி' என்ற பழைய நீல ஆராவை (கிரியேச்சர்மேல் ஒட்டும் அட்டை) இவன்மேல் ஒட்டினால், ஒரு மந்திரத்துக்கு மூன்று எதிராளிகளும் அடி வாங்க, நமக்கு மூன்று அட்டைகள் வந்து சேரும். அந்த மேசையில் நான் உட்கார விரும்பவில்லை. இத்தொகுப்பின் மிக வலிய அட்டை இதுவே என்பதும், நீல சிவப்பு டெக்குகள் ஏற்கெனவே ஓங்கி நின்ற ஸ்டாண்டர்டில் இது சமநிலையைக் குலைக்கும் என்பதும் என் கணிப்பாக இருந்தன; 2025 நவம்பரில் விவி ஸ்டாண்டர்டில் தடைசெய்யப்பட்டது.

'கிளவுடு, மிட்கார் மெர்சினரி' பெயரால் விற்கும். ஆட்டத்தால் விற்குமா என்பது வேறு. இரண்டு வெள்ளை மானாவுக்கு இரண்டுக்கு ஒன்று உடல். வந்ததும் டெக்கிலிருந்து ஓர் எக்யூப்மென்ட் (ஆயுத) அட்டையைத் தேடித் தருகிறான். ஆயுதம் பூண்டிருக்கும்போது அவனுடைய, ஆயுதத்தினுடைய தூண்டப்படும் விளைவுகள் இருமுறை நிகழும். செத்தாலும் ஓர் அட்டை மிஞ்சுகிறது என்பது நல்ல செய்திதான். ஆனால் 'பஸ்டர் சோர்டு' வாளோடு கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டாம் சுற்றில் கிளவுடு, மூன்றாம் சுற்றில் மூன்று மானாவுக்கு வாள், நான்காம் சுற்றில் இரண்டு மானா கொடுத்து அணிவித்துத் தாக்க வேண்டும். அதுவரை தாங்குவலிமை ஒன்றே உள்ள கிரியேச்சரை எதிராளி கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. தாக்குதல் மட்டும் தடையின்றிப் போய்ச் சேர்ந்தால், இரண்டு அட்டைகளை எடுத்து, இரண்டு மந்திரங்களை இலவசமாகப் போடலாம். பழைய 'ஸ்டோன்ஃபோர்ஜ் மிஸ்டிக்' எக்யூப்மென்டைத் தேடுவதோடு நில்லாமல் களத்திலும் இறக்கித் தந்தது. அந்த வசதி கிளவுடிடம் இல்லை.

கிளவுடின் பகைவனான செஃபிராத் அவனைவிட நேர்மையான அட்டை. கறுப்பில் மூன்று மானா, மூன்றுக்கு மூன்று. வரும்போதும் தாக்கும்போதும் வேறொரு கிரியேச்சரைப் பலியிட்டு ஓர் அட்டை எடுக்கலாம், பிற கிரியேச்சர் செத்தால் எதிராளி ஓர் உயிர் இழக்க நாம் ஓர் உயிர் பெறுவோம். அது ஒரே சுற்றில் நான்காவது முறையாக நிகழும்போது அட்டை திரும்பி, ஐந்துக்கு ஐந்து பறக்கும் தேவதையாகிறான். கூடவே அழிக்கவே முடியாத எம்பிளம் (ஆட்டம் முடியும்வரை நிற்கும் விளைவு) ஒன்றும் நமக்குக் கிடைக்கிறது. கறுப்பு டெக் ஆடுபவர் தயங்க வேண்டாம்.

ஒன்பது மானா கேட்கும் பகமுத் அட்டை கமாண்டர் மேசைக்கு மட்டுமே. 'டிராவலிங் சோக்கபோ'வும் டிஃபா லாக்ஹார்ட்டும் ஆகிய இரு அட்டைகள் சேர்ந்தால் ஒரு நிலம் இறங்கும்போதே டிஃபாவின் வலிமை ஒன்றிலிருந்து நான்காகும் என்பது வேடிக்கையானது, அவ்வளவே.

எவரும் பேசாமல் கடக்கும் அட்டைக்கு வருகிறேன். 'ஸ்டார்ட்டிங் டவுன்' ஒரு நிலம். படத்தில் வீரனும் இல்லை, அசுரனும் இல்லை. முதல் மூன்று சுற்றுகளில் இறக்கினால் உடனே பயன்படும். பிறகு இறக்கினால் ஒரு சுற்று தாமதமாகும். நிறமற்ற மானாவை இலவசமாகவும், ஓர் உயிர் கொடுத்தால் எந்த நிறத்தையும் தரும். நீண்ட ஆட்டம் ஆடும் கட்டுப்பாட்டு டெக்குகளுக்கு அந்த உயிர்ச்செலவு உறுத்தும். விரைந்து தாக்குகிற இருநிற, மூன்றுநிற டெக்குகளுக்கோ இதைவிடப் பொருத்தமான நிலம் அரிது. ஒவ்வொரு நிற ஜோடிக்கும் தனி நிலம் என்று சேர்க்க வசதியில்லாத நம் பக்கத்து ஆட்டக்காரர் நான்கு பிரதிகள் வாங்கினால், டெக்கை மாற்றும்போதெல்லாம் அவற்றை எடுத்துச் செருகிக்கொள்ளலாம். அரீனாவில், விரும்பிய அட்டையாக மாற்றிக்கொள்ளும் வைல்டுகார்டை வைத்துக்கொண்டு "கிளவுடுக்கு வைல்டுகார்டு போடட்டா அண்ணே?" என்று கேட்கும் தம்பிகளுக்கு என் பதில்: அரிய வகை வைல்டுகார்டு நான்கை முதலில் இந்த நிலத்துக்குப் போடு.

காகிதமாக வாங்குவோருக்கு விலை ஒரு தடை. 2025 வெளியீட்டின்போது அமெரிக்க விலைப்படி பிளே பூஸ்டர் (உள்ளே என்ன அட்டை என்று தெரியாத பொட்டலம்) 6.99 டாலர், சேகரிப்போருக்கான கலெக்டர் பூஸ்டர் 37.99 டாலர், ஆயத்தமான கமாண்டர் டெக் 69.99 டாலராக இருந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த 'டார்கிர்: டிராகன்ஸ்டார்ம்' தொகுப்பில் இவை முறையே 5.49, 24.99, 44.99 டாலர். இணைப்புப் பெயருக்காக மட்டும் இவ்வளவு கூடுதல் கேட்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. கூரியர் செலவும் வரியும் இதன்மேல் ஏறும். பூஸ்டரை உடைத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, வேண்டிய அட்டையை மட்டும் தனியாக வாங்குவதே சிக்கனம்.

ஃபாயில் அட்டைகளைப் பொறுத்தவரை நம் மாவட்டத்தின் காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெய்யும் ஊரில், ஃபாயிலின் காகிதப் பகுதி ஈரத்தை உறிஞ்சி விரிய, மேலிருக்கும் மினுக்குப் படலம் விரியாமல் நிற்பதால் அட்டை வில்லாக வளைகிறது. 77 பிரதிகள் மட்டும் எண்ணிட்டு அச்சான தங்கச் சோக்கபோ அட்டையைத் தேடிக் கலெக்டர் பூஸ்டர் வாங்க நினைப்பவர், அதற்கு முன் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.