கண்காட்சியில் பார்த்த புது மீன்பிடி ரீல் என்று முன்பணம் வாங்கிவிட்டு, பழைய ரீலை அனுப்புகிறார்கள்: கவனம்

ஜனவரியில் யோகோஹாமா மீன்பிடிக் கண்காட்சி முடிந்ததும் இந்த வியாபாரம் சூடு பிடிக்கும். அரங்கில் எடுத்த ஒரு நிமிட வீடியோவில் புது ரீலின், அதாவது தூண்டில் நூலைச் சுற்றி எடுக்கும் கருவியின், கைப்பிடியை யாரோ சுழற்றிக் காட்டுவார்கள். கீழே "இந்தியாவில் முதலில் நம்மிடம்தான், இருபது பீஸ் மட்டும், அறுபது சதவீதம் முன்பணம்" என்று இருக்கும். இப்படிச் சென்னையில் ஒரு விற்பனையாளரிடம் ஜனவரியில் பணம் கட்டி, ஏப்ரல் கடைசியில் பார்சலில் வாங்கிய ராடையும் (தூண்டில் கம்பு) ரீலையும் மேஜையில் வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தோம். புகார் நடந்துகொண்டிருப்பதால் விற்றவர் பெயரை எழுதவில்லை. ஏமாற்றிய விதத்தை மட்டும் முழுதாக எழுதுகிறோம், ஏனென்றால் இதே வீடியோவைக் காட்டி வேறு ஆட்களும் பணம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். யோகோஹாமா கண்காட்சிக்குப் பொதுமக்களும் டிக்கெட் எடுத்துப் போகலாம். அரங்கில் நின்று வீடியோ எடுத்தார் என்பதாலேயே ஒருவர் அந்தக் கம்பெனியின் டீலர் ஆகிவிட மாட்டார். அமெரிக்காவில் ஜூலையில் நடக்கும் ஐகாஸ்ட் கண்காட்சி வேறு வகை. அது வியாபாரத் துறையினருக்கு மட்டுமானது. அங்கேயும் உள்ளே போனவர் எல்லாம் சரக்கு எடுக்கும் உரிமை உள்ளவர் என்று அர்த்தமில்லை.

முன்பதிவு செய்தது இரண்டு பொருள். ஒன்பது அடி, இரண்டு துண்டு ராடு; 10 முதல் 40 கிராம் லூர் (போலி இரை), பிஇ 0.8 முதல் 1.5 வரை நூல் (பிஇ என்பது பின்னல் நூலின் தடிமன் எண்), நூல் ஓட டைட்டானியம் சட்டத்தில் எஸ்ஐசி (சிலிக்கன் கார்பைடு) வளையம், எடை 145 கிராம். முகத்துவாரத்தில் கொடுவாவுக்கும், பாறைமேல் நின்று சீலாவுக்கும் எறிய ஏற்ற அளவு. அதற்கு ஜோடியாக 4000 அளவு ஸ்பின்னிங் ரீல்; எக்ஸ்ஜி, அதாவது 6.2க்கு 1 கியர் (கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் நூலைச் சுற்றும் பாகம் 6.2 சுற்றுச் சுற்றும்), அந்த வருடத்துப் புதுத் தலைமுறை.

ரீலில்தான் பெரிய மோசடி. பெட்டியின் ஓரத்தில் மாடல் பெயர் போட்ட ஸ்டிக்கர் பளிச்சென்று இருந்தது. நகத்தால் தடவினால் அதன் கீழே இன்னொரு ஸ்டிக்கரின் விளிம்பு தட்டுப்பட்டது. டிராக் (மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் பிரேக்) குமிழைத் திருகி, நூல் சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலைக் கழற்றியதும் மீதி தெரிந்துவிட்டது. ஸ்பூலின் அடித்தண்டில் வெளிர்பச்சைக் கறை. பிரெய்டு (பின்னல்) நூலின் சாயம் நனைந்து இறங்கும் கறை அது. நூலே சுற்றாத புது ரீலில் வர வழியில்லை. லைன் ரோலரின், அதாவது நூல் உரசி ஓடும் சிறு உருளையின், திருகு ஓரத்தில் வெள்ளையாக உப்பு கட்டியிருந்தது. யாரோ கடலில் ஓட்டிய ரீல்.

கியரைச் சோதிக்கக் கழற்றவே தேவையில்லை. பெயில் கம்பியில் (ஸ்பூலைச் சுற்றி வரும் வளைகம்பி) ஒரு துண்டு நிற டேப்பை ஒட்டுங்கள். கைப்பிடியைச் சரியாகப் பத்துச் சுற்று மெதுவாகச் சுற்றி, டேப் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். 6.2 கியர் என்றால் 62 வர வேண்டும். இதில் 53 வந்தது. அதாவது அதே வரிசையில் சாதாரண கியர், 5.3க்கு 1. பெட்டிதான் எக்ஸ்ஜி.

"ஒரு புள்ளி முன்னே பின்னே இருந்தால் என்ன" என்று விற்றவர் கேட்டார். கணக்குப் போட்டால் தெரியும். நூல் நிரம்பிய ஸ்பூலின் விட்டம் 52 மில்லிமீட்டர் என்றால் சுற்றளவு ஏறக்குறைய 163 மில்லி. 6.2ஆல் பெருக்கினால் கைப்பிடி ஒரு சுற்றுக்கு 101 சென்டிமீட்டர் நூல் வரும்; 5.3 என்றால் 87 தான். ஐம்பது மீட்டர் எறிந்து சுற்றி எடுக்க முதலாவதில் 50 சுற்றுப் போதும், இரண்டாவதில் 58 வேண்டும். கொக்கி மாட்டிய சீலா கரையைப் பார்த்து ஓடி வரும்போது நூல் தொய்யாமல் இழுத்து எடுப்பதற்குத்தான் எக்ஸ்ஜி வாங்குகிறோம். அந்தப் பதினான்கு சென்டிமீட்டருக்குத்தான் பணம் கொடுத்தது.

அடுத்து டிராக். பெட்டியில் அதிகபட்சம் 11 கிலோ என்று போட்டிருந்தது. ரீலை ராடின் அடித்துண்டில் மட்டும் மாட்டி, பருத்திக் கயிறு மூன்று மீட்டரை ஸ்பூலில் சுற்றி, முனையைப் பயணப்பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசில் கட்டி நேராக இழுக்க வேண்டும். வளையங்கள் வழியாக விட்டு ராடை வளைத்து இழுத்தால் உராய்வும் சேர்ந்து கணக்கு ஏறிவிடும். குமிழை முழுக்க இறுக்கியும் நாலரை கிலோவில் ஸ்பூல் வழுக்கியது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: நூல் இல்லாத ஸ்பூலில் கயிறு மையத்துக்கு அருகில் இருக்கிறது, அதனால் தராசு கூடுதலாகவே காட்டும். நூல் நிரம்பி விட்டம் பெரிதானால் அதே டிராக் இன்னும் குறைவான இழுப்புக்கே விட்டுக்கொடுக்கும். ஆக, நாலரை என்பதே அந்த ரீலுக்குச் சாதகமான கணக்கு.

அதைவிட மோசம், அது விட்டுக்கொடுத்த விதம். அசையத் தொடங்க நாலரை கிலோ, ஓடத் தொடங்கியதும் மூன்று, திரும்ப நின்று நாலு, மறுபடி வெடுக்கென்று மூன்று. டிராக் வாஷரில் எண்ணெயோ உப்புத் தண்ணீரோ இறங்கியிருந்தால் இப்படித் தெறித்துத் தெறித்து விடும். 13 கிலோ தாங்கும் நூலுக்கு டிராக்கை மூன்று, மூன்றரை கிலோவில் வைப்போம். உடையும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு. ஓட்டம் சீராக இருந்தால் அது போதும். இப்படி வெட்டி வெட்டி விடும் டிராக்கில், மீன் திரும்பும் ஒவ்வொரு முறையும் லீடர் (நூல் முனையில் கட்டும் தனி நூல்) முடிச்சில் ஒரு அடி விழும். எறிந்து எறிந்து தேய்ந்த முடிச்சு அதில்தான் போகும். நூல் கம்பெனியைத் திட்டுவோம், குற்றம் வாஷரில் இருக்கும்.

புதுத் தலைமுறைதானா என்று வெளியிலிருந்தே பார்க்கவும் வழி உண்டு. ஜப்பானியக் கம்பெனியான ஷிமானோவில் 22 ஸ்டெல்லா, 23 வேன்குவிஷ், 23 ஸ்ட்ராடிக் போன்றவற்றில் லைன் ரோலருக்குக் கீழே சிறிய துடுப்பு போல ஒரு தடுப்பு இருக்கும், தொய்ந்த நூல் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க. அவற்றுக்கு முந்தைய தலைமுறையில் அது கிடையாது. 22 ஸ்டெல்லாவில் ஸ்பூல் மேலும் கீழும் மிக மெதுவாக நகர்வதால் நூல் நெருக்கமாக, ஏறக்குறைய இணையாகப் படியும். இன்னொரு ஜப்பானியக் கம்பெனியான டைவாவில் 19 சர்டேட், 20 லூவியாஸ் போன்றவற்றில் மோனோகாக் (ஒரே துண்டு) உடல். பக்கத் தகட்டை மூலைத் திருகுகளால் இறுக்காமல், பெரிய வட்ட மூடியாகவே திருகி மூடியிருப்பார்கள். அந்தப் பெயர்களில் ஒரு ரீல் வந்து, பக்கத் தகட்டில் மூன்று நான்கு திருகு தெரிந்தால் மேற்கொண்டு சோதிக்க ஒன்றுமில்லை. பெயருக்கு முன்னால் இருக்கும் 22, 23 என்பது ஆண்டு. பில்லில் அந்த ஆண்டு இல்லாமல் வெறும் மாடல் பெயர் மட்டும் இருந்தால் பழையதைக் கொடுத்துவிட்டு "பெயர் சரிதானே" என்பார்கள். இங்கேயும் அதைத்தான் சொன்னார்.

இது ஏன் ஜனவரியில் நடக்கிறது என்றால், புது மாடல் அறிவித்த அன்றே முந்தைய மாடலின் விலை இறங்குகிறது. கடைகளில் பழைய இருப்பு மலிவாகக் கிடைக்கும், பயன்படுத்திய ரீல்களும் சந்தைக்கு வந்து குவியும். புதியதற்கோ கண்காட்சி முடிந்து பல வாரம், சிலதற்குப் பல மாதம் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் முன்பணம் வாங்கி, மலிந்ததை வாங்கி, பெட்டி மாற்றி அனுப்பினால் நடுவில் நிற்பவருக்கு இரண்டு பக்கமும் லாபம்.

ராடுக்கு வருவோம். சமையலறைத் தராசில் 178 கிராம், சொன்னதைவிட 33 கிராம் கூட. ஐந்தாறு கிராம் வித்தியாசம் வரலாம், பசையும் பூச்சும் கைக்குக் கை மாறும். முப்பது வராது. மாடல் எழுத்தை விரலால் தடவினால் மேடாக உணர்ந்தது. கம்பெனியில் எழுத்தைப் பதித்து அதற்கு மேல்தான் பூச்சு கொடுப்பார்கள், விரலுக்கு வழவழப்பாக இருக்க வேண்டும். வளையச் சட்டத்தில் சிறு காந்தத்தை வைத்தோம், ஒட்டிக்கொண்டது. டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது. ஃபியூஜி (வளையம் செய்யும் ஜப்பானியக் கம்பெனி) வளையம் என்றால் சட்டத்தில் பொடி எழுத்தில் அந்தப் பெயர் அச்சாகியிருக்கும். இதில் எந்த அச்சும் இல்லை. வளையத்தின் உட்பக்கம் காது குடையும் பஞ்சுக்குச்சியை ஒரு சுற்றுச் சுற்றியபோது மூன்றாவது வளையத்தில் பஞ்சு இழை மாட்டியது. கண்ணுக்குத் தெரியாத அந்த வெடிப்பு ஒரு நாள் எறிதலில் பிரெய்டை உரித்துவிடும்.

"40 டன் கார்பன்" என்று சொல்லி விற்றார்கள். டன் என்பது நாரின் விறைப்பு அளவு, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை டன் என்று. வழக்கமான 24 டன் நார் என்றால் சுமார் 235 ஜிகாபாஸ்கல். வீட்டில் அதைச் சோதிக்க வழியே இல்லை, அதனால்தான் துணிந்து சொல்கிறார்கள். எண் கூடினால் ராடு மெலிதாக, லேசாக வரும், ஆனால் பக்கவாட்டு அடிக்குச் சீக்கிரம் உடையும். எனவே பெரிய எண் எல்லாருக்கும் நல்லது என்பதும் இல்லை. ஜப்பானிய ராடில் அச்சிடும் கார்பன் சதவீதமும் அப்படித்தான்: எவ்வளவு கார்பன் என்று சொல்லும், எந்தக் கார்பன் என்று சொல்லாது.

சோதிக்க முடிந்தது வளைவு. ராடின் பிடியைப் பெஞ்சில் கிடைமட்டமாக இறுக்கிக் கட்டி, முனை வளையத்தில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டுங்கள். அளவுக் குவளையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வாருங்கள். ஒரு மில்லி ஒரு கிராம். முனை, ராடின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஒன்பதடி ராடுக்கு மூன்றடி இறங்கியதும் நிறுத்திக் கணக்கெடுங்கள். அதே லூர் அளவு போட்ட, நம்பிக்கையான இன்னொரு ஒன்பதடி ராடை அதே போலக் கட்டிப் பாருங்கள். இந்த ராடு அதில் பாதி எடைக்குச் சற்று மேலேயே மூன்றடி இறங்கிவிட்டது. 40 கிராம் லூரை வீச்சாக எறிந்திருந்தால் மேல்துண்டு தாங்கியிருக்காது.

கேட்டபோது விற்றவர் சொன்ன பதில்: "கண்காட்சியில் இருந்தது வெறும் சாம்பிள், தயாரிப்பில் மாறும்." இதில் பாதி உண்மை இருக்கிறது என்பதால்தான் பலர் வாய் மூடிப் போகிறார்கள். அரங்கில் வைப்பது சில நேரம் தயாரிப்புக்கு முந்தைய கையால் கட்டிய மாதிரிதான்; வளையமும் எடையும் பிறகு மாறக்கூடும். ஆனால் மாறினால் கம்பெனியின் பட்டியலிலும் மாறியிருக்கும். கம்பெனிப் பட்டியலில் இன்றும் 145 கிராம், டைட்டானியம் என்றே இருக்கிறது.

அதனால் வீடியோவையோ படத்தையோ பார்த்து முன்பதிவு செய்யாதீர்கள். கம்பெனிப் பட்டியலில் ஒவ்வொரு அளவுக்கும் தனிப் பொருள் எண்ணும் பார்கோடு எண்ணும் உண்டு; அதைக் கேட்டு, முன்பண ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். ஜப்பானியக் கம்பெனிப் பார்கோடு 45 அல்லது 49இல் தொடங்கும். அது கம்பெனி பதிவான நாட்டைக் காட்டுமே தவிர, செய்த நாட்டை அல்ல. ஷிமானோ மலேசியாவில் செய்யும் ரீலிலும் 49 இருக்கும், அதைப் பார்த்துப் போலி என்று பயப்பட வேண்டாம். ஜிஎஸ்டி எண்ணில் எழுத்தும் இலக்கமுமாகப் பதினைந்து இருக்கும், தமிழ்நாடு என்றால் 33இல் தொடங்க வேண்டும். அரசுத் தளத்தில் போட்டுப் பார்த்தால் கடைப் பெயர் வரும். இந்த விற்பனையாளர் பணம் வாங்கியது தனிநபர் யுபிஐ கணக்கில், வேறு பெயரில். இறக்குமதிப் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரித்த நாடு, விலை, மாதம், வருடம் ஒட்டியிருக்க வேண்டியது சட்டம். இதில் ஒன்றுகூட இல்லை.

வாரண்டி அட்டை உள்ளே இருந்தது, ஜப்பானிய மொழியில். கடை முத்திரையும் வாங்கிய தேதியும் இல்லாமல் காலியாக. அப்படிப்பட்ட அட்டை அங்கேயே செல்லாது, இங்கே காகிதம். ராடு உடைந்தால் யார் மாற்றித் தருவார், அனுப்பும் செலவு யாருடையது என்று விற்பவர் தன் பில்லில் எழுதித் தர வேண்டும்.

பார்சல் வந்ததும் கூரியர் ஸ்டிக்கரிலிருந்து தொடங்கி, வெட்டாமல் ஒரே வீடியோவாகப் பிரியுங்கள். மேலே சொன்ன சோதனை எல்லாம் முக்கால் மணி நேரத்தில் முடியும். அதுவரை ரீலில் நூல் சுற்றாதீர்கள். ஒருமுறை சுற்றிவிட்டால் "நீங்கள் பயன்படுத்தியதுதான் கறை" என்பார்கள். காந்தம், தராசு, பத்துச் சுற்று எண்ணிக்கை எல்லாவற்றையும் அதே வீடியோவில் சேருங்கள். பணம் திரும்ப வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் பதிவு செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு, கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

முன்பணம் கட்டிவிட்டு இன்னும் பார்சல் வராமல் இருப்பவர்கள் இன்றைக்கே விற்றவருக்குப் பொருள் எண், மாடல் ஆண்டு, கியர் மூன்றையும் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். போனில் சொல்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எழுத்தில் பதில் வராமல் பார்சல் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பி, மீதி நாற்பது சதவீதத்தையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள்.