பாதித்தவரா, நெகிழவைத்தவரா, உருக்கியவரா?

எங்களுக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியரின் 31ஆம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். மட்டக்களப்பு கல்லடியில் என் வீட்டில் உட்கார்ந்து, ‘என் வாழ்வை மிகவும் பாதித்த ஆசிரியர்’ என்று தொடங்கினேன். எழுதிய கையோடு அடித்துவிட்டேன்.

‘என்னைப் பாதித்த புத்தகம்’, ‘என்னைப் பாதித்த மனிதர்’ என்ற தலைப்புகளைத் தமிழக இதழ்களில் நிறையப் படித்திருக்கிறேன். அங்கே அது பாராட்டு. இலங்கையின் கிழக்கே எங்கள் கரையில் அந்தச் சொல்லுக்கு வேறு வாழ்க்கை. 1978 நவம்பர் சூறாவளியால் பாதிக்கப்பட்டோர், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்டோர், மாரி வெள்ளத்தால் பாதிக்கப்பட்டோர் என்று படிவங்களிலும் நிவாரணப் பட்டியல்களிலும் அதைப் பார்த்தே வளர்ந்தோம். ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். காரைதீவிலோ மருதமுனையிலோ ஒருவர் ‘நான் பாதிக்கப்பட்டவன்’ என்றால் வீடோ உறவோ போயிருக்கிறது என்றுதான் பொருள். வேரும் அதையே சொல்கிறது: வடமொழியில் ‘பாதா’ என்றால் துன்பம். எனக்குப் பின்னக்கணக்கைப் புரியவைத்த மனிதரை அந்தப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

‘ஆழமான தாக்கம் ஏற்படுத்திய’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன். அறிக்கைக்கு உதவும், அன்புக்கு உதவாது. தாக்கத்துக்குள் தாக்குதல் ஒளிந்திருக்கிறது.

அடுத்து ‘நெகிழ்ச்சியான’. எனக்கு மிகவும் பிடித்த சொல். சங்கப் பாடல்களில் தலைவன் பிரிந்ததும் தலைவியின் கைவளை நெகிழும். இறுக்கமாக இருந்தது தளர்ந்து கழலும். மனம் நெகிழ்வதும் அப்படித்தான், கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்கிறது. ஆனால் இது கணத்துக்கு உரிய சொல். பல ஆண்டுகளுக்குப் பின் இரு நண்பர்கள் மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் சந்தித்தால் அது நெகிழ்ச்சியான சந்திப்பு. ‘நெகிழ்ச்சியான ஆசிரியர்’ என்று சொல்லிப் பாருங்கள், பொருந்தாது. ‘நெகிழவைத்த ஆசிரியர்’ என்று வினையாக்கினால் பொருந்துகிறது. யார் யாரை என்பது தெளிவாகிறது. இருந்தும் ஒரு நாள் நிகழ்ச்சியைச் சொல்வது போலவே ஒலிக்கிறது.

‘உருக்கமான’ என்பது குரலுக்கும் பேச்சுக்கும் உரியது: உருக்கமான பாடல், உருக்கமான வேண்டுகோள். உருகுவதற்கு வெப்பம் வேண்டும், நெய்க்கும் மெழுகுக்கும் போல. வைகாசியில் எங்கள் கண்ணகி அம்மன் கோயில்களில் அவள் கதையைச் சொல்லும் வழக்குரை பாடுவதைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். கோவலன் கொலையுண்ட இடம் வரும்போது பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். கண்ணகியின் சினம் கொதித்து ஏறும். பிறகுதான் அந்தச் சினத்தைத் தணிக்கும் குளிர்த்திச் சடங்கு. அந்தப் பாட்டை உருக்கமானது என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் எங்கள் ஆசிரியர் உருக்கமாகப் பேசியவர் அல்லர். சுண்ணாம்புக்கட்டி படிந்த விரலால் பிழையான வரியைத் தொட்டுக்காட்டி, “இதைத் திரும்பச் செய், தம்பி” என்பார். அவ்வளவுதான்.

‘உலுக்கிய’ என்ற சொல்லை எடுத்த வேகத்திலேயே வைத்துவிட்டேன். உலுக்கினால் மரத்திலிருந்து காய் விழும். அவர் எங்களிடமிருந்து எதையும் உதிர்க்கவில்லை.

மாலையில் அம்மாவிடம் முறையிட்டேன். இடியப்பத் தட்டை எடுத்துவைத்தபடியே, “உன்னை ஆளாக்கிய மனிதர் அல்லவா அவர்?” என்றார். இத்தனை சொற்களை உரசிப் பார்த்த எனக்கு, எங்கள் வீட்டில் அன்றாடம் புழங்கும் இது தோன்றவே இல்லை. உருக்கமும் நெகிழ்ச்சியும் கேட்பவனின் உணர்வைச் சொல்கின்றன. ‘ஆளாக்கிய’ என்பது அவர் செய்த வேலையைச் சொல்கிறது. பல ஆண்டு உழைப்பு அதற்குள் இருக்கிறது.

மலரில் என் பக்கம் ‘எங்களை ஆளாக்கிய ஆசிரியர்’ என்றே தொடங்குகிறது.