பொல்லிக்காவில் ஐந்து நாள்: தங்கிய விடுதியும் ஊரும்

இத்தாலியில் நேப்பிள்ஸுக்குத் தெற்கே போகிறவர்கள் பெரும்பாலும் அமால்ஃபியோடு திரும்பிவிடுகிறார்கள். இன்னும் கீழே போனால் சிலெந்தோ கடற்கரை, அங்கே பொல்லிக்கா என்ற சின்ன நகராட்சி. மொத்தமே இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். பொல்லிக்கா ஊர் மலைமேல் இருக்கிறது, அதைச் சேர்ந்த அச்சரோலியும் பியோப்பியும் கீழே கடலோரத்தில். ஜூன் மாதம் பியோப்பியில் ஒரு குடும்பம் நடத்தும் நாலு அறை விடுதியில் தங்கினோம்.

அறை சின்னது, சுத்தமானது. ஏசி கிடையாது, ஆனால் ஜன்னலைத் திறந்து வைத்தால் இரவு முழுக்கக் கடல் காற்று வந்தது. காலை உணவுக்கு இனிப்பு ரொட்டியும் காபியும் மட்டும்தான், அது எனக்கு ஒத்துவரவில்லை. முதல் நாள் இரவே சொல்லி வைத்தால் தக்காளியும் ரொட்டியும் தருகிறார்கள், அதனால் மறக்காமல் கேளுங்கள்.

இரவுச் சாப்பாட்டுக்காகவே அந்த வீட்டுக்கு இன்னொரு முறை போவேன். வீட்டுப் பாட்டி கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துப் பிசைந்து, பலகையில் பரப்பி, விரற்கடை அகலத்துக்கு நாடா நாடாவாக வெட்டினார். முட்டை சேர்ப்பதில்லை. பூண்டு போட்டு வெந்துகொண்டிருந்த கொண்டைக்கடலையில் அதைக் கொட்டி, இறக்கும்போது பச்சை ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினார். இதன் பெயர் லகானே. இன்னொரு நாள் அக்குவாசாலே: கல் மாதிரி காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து மேலே தக்காளி, உப்பு, ஓரிகானோ, எண்ணெய். அவ்வளவுதான், ஆனால் அந்தத் தக்காளிக்கு அப்படி ஒரு ருசி.

உலகமே பேசும் மத்தியதரைக் கடல் உணவுமுறை என்பது இந்த ஏழை வீட்டுச் சாப்பாடுதான். அதை அறிவியலில் பேசவைத்த அமெரிக்கர் ஆன்செல் கீஸ் பல பத்தாண்டுகள் வாழ்ந்தது இந்தப் பியோப்பியில். உணவுக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பைப் பார்த்த அவருடைய ஏழு நாடுகள் ஆய்வு இங்கே நடந்ததாகப் பலர் எழுதுகிறார்கள், அது தவறு. ஆய்வு நடந்த ஊர்கள் வேறு, இங்கே அவர் வீடு கட்டி வாழ வந்தார். 1904இல் பிறந்தவர், நூறு வயதைத் தாண்டி 2004இல் காலமானார். பலாத்சோ வின்சிப்ரோவா என்ற பழைய மாளிகையில் இந்த உணவுமுறைக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. முதலில் ஒரு நாள் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு அப்புறம் அங்கே போங்கள், பார்ப்பதெல்லாம் சட்டென்று புரியும்.

பியோப்பி கரை முழுக்கக் கூழாங்கல், செருப்பில்லாமல் இறங்க முடியாது. குழந்தைகளோடு வந்தால் மணல் இருக்கும் அச்சரோலிதான் சரி. கல் வீடுகள், சின்னத் துறைமுகம், தண்ணீரை ஒட்டி ஒரு தேவாலயம், பழைய கோபுரம் என்று அங்கே ஒரு மாலை முழுக்கச் சுற்றலாம். மீனவராக இருந்து மேயரான ஆஞ்செலோ வஸ்ஸல்லோ இந்தக் கரையைக் கட்டடக்காரர்களிடமிருந்து காப்பாற்றப் பாடுபட்டவர். 2010 செப்டம்பர் 5 இரவு காரில் வீடு திரும்பும்போது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் ஆதரித்து நின்ற உணவுமுறைக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது அதே ஆண்டு நவம்பரில், சிலெந்தோவின் பெயரோடு. இது தெரிந்த பிறகு அந்தத் துறைமுகத்தில் வெறும் சுற்றுலாப் பயணியாக என்னால் நிற்க முடியவில்லை.

தெற்கே கொஞ்ச தூரத்தில், அஷேயா நகராட்சியில், வேலியா இடிபாடுகள். கிரேக்கர் காலத்து எலேயா, தத்துவஞானிகளான பார்மெனிடெஸும் ஆமை ஓட்டப் புதிர் சொன்ன சீனோவும் பிறந்த ஊர். கீஸ் தன் வீட்டுக்கு மின்னேலேயா என்று, தான் வேலை பார்த்த அமெரிக்க நகரமான மின்னியாபொலிஸையும் எலேயாவையும் சேர்த்துப் பெயர் வைத்ததற்கு இதுதான் காரணம். வெயிலுக்கு முன்னால் போய்விடுங்கள், மலைச்சரிவில் நிழல் குறைவு. மேலே ஏறினால் வரும் போர்த்தா ரோசா என்ற கல் வளைவு, கிறிஸ்துவுக்கு முந்தைய நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இன்னும் அப்படியே நிற்கிறது.

ஒரு குறை. துறைமுகப் பக்கம் ஒரு உணவகத்தில் அன்று பிடித்த நெத்திலி என்று சொல்லிக் கொண்டுவந்தது ஐஸில் கிடந்த மீன், விலை மட்டும் இரட்டிப்பு. என்ன மீன், எப்போது வந்தது என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். பஸ்ஸை நம்ப வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். கார் எடுத்துக்கொள்வதே நல்லது.

விடுதிக்கு ஐந்தில் நான்கரை தருவேன், அந்த அரை காலை உணவுக்காகக் குறைத்தது. கிளம்பும்போது பாட்டி காய வைத்த வெள்ளை அத்திப்பழம் ஒரு பொட்டலம் கட்டித் தந்தார், ரயில் சலெர்னோ போய்ச் சேர்வதற்குள் தீர்ந்துவிட்டது.