கரும் ஆற்றலா, கடிகார வேறுபாடா?

கொழிஞ்சாம்பாறையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தமிழில் இயற்பியல் சொல்லித்தரும்போது, பிரபஞ்ச விரிவை வேகப்படுத்துவதாகச் சொல்லப்படும் கரும் ஆற்றல் என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். "மாஷே, பார்க்க முடியாததை எப்படி நம்புவது?" நியாயமான கேள்விதான்.

1998இல் இரண்டு குழுக்கள் தொலைதூர 1ஏ வகை சூப்பர்நோவாக்களை, அதாவது வெடித்துச் சிதறும் விண்மீன்களை, அளந்தன. இவற்றின் உச்ச ஒளியைத் தரப்படுத்திவிட முடியும் என்பதால், மங்கலை வைத்தே தூரத்தைக் கணிக்கலாம். அவை எதிர்பார்த்ததைவிட 10, 15 சதவீதம் தள்ளி இருந்தன. பிரபஞ்ச விரிவின் வேகம் கூடுகிறது என்றார்கள். 2011இல் நோபல் கிடைத்தது. அந்த மங்கலுக்கு யார் சரியான காரணம் சொல்வது என்பதில்தான் போட்டி.

மூத்தது, ஐன்ஸ்டைன் 1917இல் எழுதிய லாம்டா மாறிலி. வெற்றிடத்துக்கே ஆற்றல் உண்டு, விரிந்தாலும் அது நீர்த்துப்போகாது என்கிறது. பிளாங்க் செயற்கைக்கோளின் கணக்கில் பிரபஞ்சத்தில் 68 சதவீதம் இதுதான். பெருவெடிப்பின் எச்ச ஒளியான நுண்ணலைப் பின்னணியிலும் தேறிவிடுகிறது. ஆனால் குவாண்டம் கோட்பாட்டின்படி கணக்கிட்டால், விடை அளந்ததைவிட 1க்குப் பின் 120 சைபர் போட்ட மடங்கு மிகுந்து வருகிறது. என் மாணவர் எவரும் இவ்வளவு பெரிய பிழை செய்ததில்லை!

திருவனந்தபுரத்தில் பிறந்த இயற்பியலாளர் தாணு பத்மநாபன் இந்தப் புண்ணைத்தான் தொட்டார். ஈர்ப்பு அடிப்படை விசையல்ல, நுண்கூறுகளிலிருந்து எழுவது; ஆகவே வெற்றிட ஆற்றலின் மொத்த அளவு அதைப் பாதிக்காது என்றார். அழகான வாதம், அளந்து தீர்ப்புச் சொல்வதுதான் கடினம்.

கரும் ஆற்றலுக்குப் பதிலாக ஈர்ப்பு விதியையே திருத்தியவர்களுக்கு 2017 ஆகஸ்ட் 17 கெட்ட நாள். நியூட்ரான் விண்மீன் மோதலிலிருந்து ஈர்ப்பலையும் காமா கதிரும் சுமார் 13 கோடி ஆண்டுகள் பயணித்து, 1.7 வினாடி இடைவெளியில் வந்துசேர்ந்தன. இரண்டுக்கும் வெவ்வேறு வேகம் சொன்ன கோட்பாடுகள் மூட்டை கட்டின.

எனக்குப் பிடித்த எதிராளி, நியூசிலாந்து இயற்பியலாளர் டேவிட் வில்ட்ஷயர். கரும் ஆற்றலே வேண்டாம் என்கிறார். பொருள் குவிந்த இடத்தில் கடிகாரம் மெதுவாகவும் வெறும்பரப்பில் வேகமாகவும் ஓடும். அங்கே கூடுதல் காலம் கடந்ததால் விரிவும் கூடுதல். நம் கடிகாரத்தால் அளப்பவருக்கு அது வேகவளர்ச்சியாகத் தெரியும். 2024 டிசம்பரில் அவர் குழு, சூப்பர்நோவா தரவு லாம்டாவைவிட இதற்கே நன்கு பொருந்துகிறது என்றது. ஆனால் கடிகார வேறுபாடு 35 சதவீதம் வரை போகவேண்டும். அது எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

கரும் ஆற்றல் உண்டு, ஆனால் அது மாறுகிறது என்பது இன்னொரு கட்சி. விண்மீன் மண்டலங்களை வரைபடமாக்கும் அரிசோனாவின் டெசி கருவி 2025 மார்ச்சில் வெளியிட்ட முடிவு இந்தப் பக்கம் சாய்கிறது. இதை லாம்டாவின் தோல்வி என்று நான் வகுப்பில் சொல்வதில்லை. ஒரு முடிவு தற்செயலாக வந்ததல்ல என்பதற்கான உறுதியைச் சிக்மாவால் அளப்பார்கள்; கண்டுபிடிப்பு என்று ஏற்க 5 சிக்மா வேண்டும். சேர்க்கும் சூப்பர்நோவாத் தொகுப்பைப் பொறுத்து அந்த முடிவில் இந்த எண் 2.8க்கும் 4.2க்கும் இடையே ஊசலாடியது.