புது டயர் பின்னால் போடச் சொன்னேன், முன்னால் போட்டு அனுப்பிவிட்டார்கள்

இரண்டு டயர் மட்டும் மாற்றப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

என்னுடையது முன்சக்கரம் இழுக்கும் கார். முன் டயர் இரண்டும் தேய்ந்துபோனதால் புது ஜோடி வாங்கினேன். புதுசைப் பின்னால் போடுங்கள், பின்னால் இருப்பதை முன்னால் கொண்டுவாருங்கள் என்று வேலை தொடங்கும் முன்பே டயர் கடையில் சொன்னேன். தலையாட்டினார்கள். நான்கு சக்கரத்துக்கும் பேலன்சிங் (சக்கரத்தைக் கழற்றி, அதிராமல் சுழலும்படி எடையைச் சரிசெய்வது), இடம் மாற்றும் கூலி எல்லாம் பில்லில் ஏறியது. கட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த மழையில், தண்ணீர் தேங்கிய ஒரு வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டியின் பின்பக்கம் வெளியே இழுத்துக்கொண்டு போனது. எதிரே வண்டி வராததால் தப்பித்தேன். ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால், புது டயரில் முடி முடியாக நீட்டிக்கொண்டிருக்குமே ரப்பர், அது முன் சக்கரத்தில் இருக்கிறது. பின்னால் அதே பழைய டயர். நட்டுகளில் காய்ந்த சேறுகூட உதிரவில்லை. கழற்றாத சக்கரத்துக்கு எங்கிருந்து பேலன்சிங் செய்தார்கள்?

திரும்பப் போய்க் கேட்டேன். "இழுக்குறதும் முன்னாடி, திருப்புறதும் முன்னாடி, பிரேக்கும் முன்னாடிதான் அதிகமா பிடிக்கும். புதுசு அங்கதான் சார் போடணும்" என்றார் கடைக்காரர். மாற்றித் தர மறுபடியும் கூலி கேட்டார். வேறு கடையில் மாற்றிக்கொண்டேன். செய்யாத வேலைக்கு வாங்கிய பணம் இன்னும் திரும்பவில்லை.

அவர் சொன்ன மூன்றும் உண்மை. முடிவுதான் தப்பு. மழையில் முன்னால் பிடி விட்டால் வண்டி திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். ஸ்டியரிங் லேசாவது கையிலேயே தெரியும், வேகத்தைக் குறைத்தால் பிடி திரும்ப வரும். பின்னால் விட்டால் கைக்கு எதுவும் தெரியாது. வண்டி சுழலத் தொடங்கிய பிறகுதான் தெரியும், அந்த நொடியில் எதிர்ப்பக்கம் சரியாகத் திருப்பி மீட்பது பழகியவர்களுக்கே கஷ்டம். அதனால்தான் எந்தச் சக்கரம் இழுத்தாலும் புதுசு பின்னால் என்று மிஷ்லின் போன்ற டயர் கம்பெனிகளே சொல்கின்றன.

காய்ந்த ரோட்டில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் தெரியாது. தண்ணீரை வெளியே தள்ளுவது பட்டனுக்கு, அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டிகளுக்கு, நடுவே இருக்கும் பள்ளம். புது கார் டயரில் அது சுமார் 8 மி.மீ. ஆழம். பல நாடுகளில் சட்டம் 1.6 மி.மீ. வரை விடுகிறது, ஆனால் 3 மி.மீ.க்குக் கீழே போன டயரை மழையில் நான் நம்ப மாட்டேன். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் (வண்டி சறுக்கினால் தானாகவே பிரேக் போட்டு நிலைப்படுத்தப் பார்க்கும் வசதி) இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள், இல்லாத பிடியை அது கொண்டுவராது.

காசு கொடுக்கும் முன் குனிந்து பின் சக்கரத்தைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் தயாரிப்புத் தேதி நான்கு இலக்கத்தில் இருக்கும்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மாட்டுவதற்கு முன் நான்கு டயரிலும் அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டால் எது எங்கே போனது என்று யாரும் மழுப்ப முடியாது. சில கார்களில் முன், பின் டயர் அளவே வேறு, அங்கே இடம் மாற்றவே முடியாது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் இரண்டு மட்டும் வாங்கும் முன் மேனுவலைப் பாருங்கள், நான்கும் ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும் என்று பலவற்றில் போட்டிருக்கும்.